கிண்டிப் பட்டதாரிகளுக்கு அங்கீகாரம் வந்த வழி

ஒரு பொறியாளர் சாதித்தவர் என்று யார் முடிவு செய்கிறார்கள்? சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் இதற்கான விடை பலமுறை மாறியிருக்கிறது. செய்த வேலை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது யாருக்காக நடந்தது, யார் கண்ணில் பட்டது என்பதே பெரும்பாலும் அங்கீகாரத்தைத் தீர்மானித்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. 1940-களில் அங்கே படித்த சிலரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று.

கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. அதைத் தொடங்க முனைந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலர் மைக்கேல் டாப்பிங். வரி வசூலுக்கு நிலத்தை அளந்தாக வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஆளை வரவழைத்தால் செலவு அதிகம். எனவே ஆதரவற்றோர் இல்லத்துச் சிறுவர்களுக்கே சங்கிலியும் கோணமானியும் பழக்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்த மரியாதை சம்பளத்தோடு நின்றது. 1858-59-இல் அப்பள்ளி கட்டடப் பொறியியல் கல்லூரியாக உயர்ந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பொதுப்பணித் துறையின் மேல் பதவிகளுக்கு இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தேறியவர்களை அனுப்புவது 1906 வரை நடந்தது. இங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் துறையின் கீழ்ப்படிகளிலேயே நின்றார்கள்.

1920-இல் கல்லூரி கிண்டிக்கு வந்தது. அங்கிருந்து வெளியேறியவர்களுக்கு நாடு தழுவிய பெயர் கிடைத்தது விடுதலைக்குப் பிறகுதான். பத்ம விருதுகள் 1954-இல் தொடங்கின. அணையும் மின்சாரமும் பாலும் அரசின் முதன்மைத் திட்டங்களாகியிருந்த காலம் அது. கிண்டியில் படித்த கே. எல். ராவ் நாகார்ஜுனசாகர் அணையோடு சேர்த்துப் பேசப்படுபவர். 1963-இல் பத்மபூஷண் பெற்ற அவர், அதே ஆண்டு மத்திய அமைச்சருமானார். கங்கையைக் காவிரியோடு இணைக்கலாம் என்று 1972-இல் அவர் முன்வைத்த திட்டத்தை நம் ஊர்த் தேநீர்க்கடைகளில் இன்றும் விவாதிக்கிறார்கள்!

வர்கீஸ் குரியன் 1943-இல் இயந்திரப் பொறியியல் முடித்தார். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பியவரை 1949-இல் குஜராத்தின் ஆனந்துக்கு அனுப்பினார்கள். பால்பண்ணையில் அவருக்குப் பெரிய நாட்டம் இருந்ததில்லை. ஆனாலும் அங்கேயே தங்கிவிட்டார். எருமைப் பாலிலிருந்து பால்பொடி தயாரிக்கும் முறை ஆனந்தில் கைகூடியபோது, கூட்டுறவுச் சங்கங்களின் உபரிப் பாலுக்கு வழி பிறந்தது. 1963-இல் ராமோன் மகசேசே விருது, 1989-இல் உலக உணவுப் பரிசு, 1999-இல் பத்மவிபூஷண் என்று மரியாதைகள் தொடர்ந்தன. அவர் கண்டது தொழில்நுட்ப வெற்றி மட்டுமன்று. கறவை மாடு வைத்திருந்த குடும்பங்களின் கையில் காசு புழங்கியது. அந்தக் குடும்பங்களே அவர் புகழுக்குச் சாட்சியாயின.

அதே வளாகத்தில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அ. லலிதா மின்பொறியியல் படித்தார். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு கைம்பெண். தந்தை பப்பு சுப்பாராவ் அக்கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசி மகளுக்கு இடம் வாங்கித் தந்தார். கட்டடப் பொறியியலில் பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சேர்ந்தார்கள். மூவரும் படித்து முடித்தபோது, ஆண்பாலில் அச்சடித்து வைத்திருந்த சான்றிதழைக் கையால் திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றார். சிம்லாவில் அரசுப் பணி பார்த்தார். பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மின்கடத்தித் தடங்களையும் துணைமின் நிலையங்களின் அமைப்பையும் வடிவமைப்பது அவர் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்குண்டு. அணையைத் திறந்து வைப்பவரின் பெயர் கல்வெட்டில் ஏறும். வரைபட மேசையில் துணைமின் நிலையத்துக்குக் கோடு போட்டவரை யார் கேட்கப் போகிறார்கள்? தனியார் நிறுவனத்து ஊழியர் என்பதால் அரசின் பட்டியல்களும் அவரைத் தொடவில்லை. அவருக்கான மரியாதை வெளிநாட்டிலிருந்து வந்தது. 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் பன்னாட்டுப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டில் கலந்துகொண்டார். மறு ஆண்டே லண்டனின் பெண் பொறியாளர் சங்கம் அவரை முழு உறுப்பினராக ஏற்றது. 1979-இல் காலமானார்.

திரேசியாவின் கதை வேறு. அவர் அரசுத் துறையில் இருந்தார். படிப்படியாக ஏறி 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. சாலைக்கான தாரில் ரப்பர் கலந்து பார்த்த முயற்சியும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஒரே வளாகத்தில் படித்த இருவரில், பதவி ஏணி இருந்த துறைக்குப் போனவரின் பெயர் ஊரறிய நின்றது. அந்த ஏணியும் அவருக்கு எளிதாக வாய்த்திருக்காது என்பது தனிக்கதை.

அடுத்த தலைமுறையில் அளவுகோல் மறுபடி மாறியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் (டி.ஐ.எஃப்.ஆர்.) இந்தியாவின் தொடக்ககாலக் கணினி ஒன்றை உருவாக்கிய ஆர். நரசிம்மனும் கிண்டிக்காரரே. அவர் 1977-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1958-இல் கட்டடப் பொறியியல் முடித்த ராஜ் ரெட்டி, பேச்சை உணரும் கணினி ஆய்வுக்காகப் பெயர்பெற்று 1994-இல் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். ரெட்டியை மதிப்பிட்டவர்கள் அமைச்சகத்தார் அல்லர், சக ஆய்வாளர்கள். 1975 கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு இந்திய அணியின் தலைவராகப் போன வெங்கட்ராகவனும் இங்கே பொறியியல் படித்தவர்தான். ஆனால் அவருடைய சுழற்பந்து வீச்சுக்குக் கல்லூரி உரிமை கொண்டாடுவது கொஞ்சம் அதிகம்.

லலிதாவை மீட்டெடுத்தது இதே கல்லூரியின் பிற்காலப் பட்டதாரிகள். கிண்டியில் படித்து அமெரிக்காவில் பணியாற்றிய சாந்தா மோகன், இந்தியப் பெண் பொறியாளர்களைப் பற்றி நூல் எழுதினார். லலிதாவைப் பற்றிப் பலர் அறிந்துகொள்ள அவருடைய தேடல் உதவியது. லலிதாவைக் குறித்து இன்று படிக்கக் கிடைக்கும் செய்திகளில் பலவும் எந்தத் துறையின் கோப்பிலிருந்தும் வந்தவை அல்ல. அம்மா வேலைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த மகள் நினைவிலிருந்து சொன்னவை.