மெக்கெயின் பிரசார நிறுத்தம் (2008)

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஆறு வாரங்கள் இருந்தபோது, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெயின், நாட்டின் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டித் தம் பிரசாரத்தை நிறுத்திவைத்த நிகழ்வு இது. 2008 செப்டம்பர் 24 அன்று இதை அறிவித்த அவர், 26ஆம் தேதி நடக்கவிருந்த முதல் நேரடி விவாதத்தையும் தள்ளிவைக்கக் கோரினார்.

பின்னணி

வீட்டுக் கடன்களை அடிப்படையாகக் கொண்ட பத்திரங்கள் மதிப்பிழந்ததால் அமெரிக்க நிதி நிறுவனங்கள் ஆட்டம் கண்டன. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானது. பொருளாதாரத்தின் அடித்தளம் வலுவாகவே இருப்பதாக அன்றைக்கு மெக்கெயின் பேசியது கடும் விமர்சனத்துக்கு ஆளானது. மறுநாள் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் வரை கடன் தர பெடரல் ரிசர்வ் முன்வந்தது. மதிப்பிழந்த சொத்துகளை வாங்க 70,000 கோடி டாலர் வேண்டும் என்று நிதியமைச்சர் ஹென்றி பால்சன் நாடாளுமன்றத்திடம் கேட்டார். அவர் அனுப்பிய முதல் வரைவு மூன்றே பக்கம்.

அறிவிப்பு

செப்டம்பர் 24 காலையில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பராக் ஒபாமா, கூட்டறிக்கை வெளியிடலாம் என்று மெக்கெயினைத் தொலைபேசியில் அழைத்தார். அன்று பிற்பகல் மெக்கெயின் பிரசார நிறுத்தத்தை அறிவித்தார். ஒரே நேரத்தில் பல பொறுப்புகளைக் கவனிப்பது அதிபரின் வேலைதான் என்று கூறி, விவாதத்தைத் தள்ளிவைக்க ஒபாமா மறுத்தார். கூட்டறிக்கை இரவில் வெளியானது.

வெள்ளை மாளிகைக் கூட்டம்

மெக்கெயினின் கோரிக்கைப்படி அதிபர் ஜார்ஜ் புஷ் 25ஆம் தேதி இரு வேட்பாளர்களையும் கட்சித் தலைவர்களையும் அழைத்துப் பேசினார். பிரதிநிதிகள் அவையின் குடியரசுக் கட்சியினர் திட்டத்தை ஏற்கவில்லை என்று அவர்களின் தலைவர் ஜான் பெய்னர் தெரிவித்தார். மெக்கெயின் குறைவாகவே பேசினார். எந்தத் திட்டத்தையும் வெளிப்படையாக ஆதரிக்கவில்லை. கூட்டம் வாக்குவாதத்தில் முடிந்தது. அதன்பின் பால்சன் அவைத் தலைவர் நான்சி பெலோசியின் முன் மண்டியிட்டு, பேச்சுவார்த்தையை முறித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அன்றிரவே வாஷிங்டன் மியூச்சுவல் வங்கி வீழ்ந்தது. அமெரிக்க வரலாற்றில் அதுவே மிகப் பெரிய வங்கி வீழ்ச்சி.

விவாதமும் வாக்கெடுப்பும்

உடன்பாடு எட்டப்படாத நிலையிலேயே, மிசிசிப்பி மாநிலம் ஆக்ஸ்போர்டில் 26ஆம் தேதி நடந்த விவாதத்தில் மெக்கெயின் கலந்துகொண்டார். 29ஆம் தேதி பிரதிநிதிகள் அவை, பால்சன் கேட்ட நிதிக்கான மசோதாவை 228–205 என்ற கணக்கில் தோற்கடித்தது. அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு 777 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. திருத்தப்பட்ட மசோதா அக்டோபர் 1 அன்று செனட்டில் 74–25 என்றும், 3ஆம் தேதி பிரதிநிதிகள் அவையில் 263–171 என்றும் நிறைவேறியது. புஷ் அன்றே கையொப்பமிட்டார்.

மதிப்பீடு

மெக்கெயின் நாட்டை முன்னிறுத்தினார் என்றனர் ஆதரவாளர்கள். அரசியல் ஆதாயம் தேடினார் என்றனர் எதிர்த்தரப்பினர். நோக்கம் எதுவாயினும், பிரசாரத்தை நிறுத்தியதால் அவர் கட்சியின் வாக்குகள் திரளவில்லை: 29ஆம் தேதி குடியரசுக் கட்சியினர் 133 பேர் எதிர்த்தே வாக்களித்தனர். செனட்டர்களாக இருந்த இரு வேட்பாளர்களும் அக்டோபர் 1 அன்று மசோதாவை ஆதரித்து அளித்த வாக்கே, நெருக்கடி தீர அவர்கள் நேரடியாக ஆற்றிய கடமை. நவம்பர் 4 தேர்தலில் ஒபாமா 365 தேர்வாளர் வாக்குகளும் மெக்கெயின் 173 வாக்குகளும் பெற்றனர்.