உரிமத்தைத் திருத்தும் உரிமை யாருக்கு?

கட்டற்ற மென்பொருளை யார் வேணாலும் எடுத்துத் திருத்தலாம். ஆனா அந்த அனுமதியைத் தருகிற உரிமத்தின் வாசகத்தை? கூடாது. ஜிபிஎல் உரிமம் தொடக்கத்திலேயே சொல்லிடும்: அப்படியே நகலெடுக்கலாம், மாற்றக் கூடாது. அதன் விதிகளை வச்சு உங்க சொந்த உரிமம் எழுதிக்கலாம், ஆனா பேரை மாத்தணும், முன்னுரையை விட்டுடணும். ஆளுக்கொரு ஜிபிஎல் இருந்தா அந்தப் பேரை யார் நம்புவாங்க?

அப்போ அந்த வாசகத்தை யார்தான் மாத்தலாம்? எழுதின கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை மட்டும்தான். அவங்க 2008ல ஒரு முறை மாத்தினது, நம்ம தமிழ் விக்கிப்பீடியாவையே தொட்டது.

2003ல தொடங்கின தமிழ் விக்கிப்பீடியா, அப்போ மற்ற விக்கிகளைப் போல குனூ கட்டற்ற ஆவண உரிமத்தில் இருந்தது. மென்பொருள் கையேடுகளுக்காக எழுதின உரிமம் அது. எங்க ஊர் சேந்தமங்கலத்துல ஒரு வாத்தியார் கொல்லிமலை பற்றின கட்டுரையை அச்செடுத்துப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கணும்னு வைங்க. ஒவ்வொரு பிரதியோடும் பல பக்க உரிமத்தையும் இணைக்கணும். தமிழ் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது, ஆங்கில மூலமும் கூடவே வரணும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் இதைவிட எளிது. ஆனா மாறணும்னா, எழுதின அத்தனை பேரிடமும் அனுமதி கேட்கணுமே? பலர் புனைபெயர்க்காரங்க. எங்கே தேடுவது?

வழி ஒரு சொற்றொடரில் இருந்தது: ‘அல்லது பிந்தைய எந்தப் பதிப்பும்’. எழுதினவங்க எல்லாரும் இதுக்கு முன்னமே சம்மதிச்சிருந்தாங்க. 2008 நவம்பர் 3 அன்று அறக்கட்டளை 1.3 பதிப்பை வெளியிட்டது. விக்கி மாதிரியான தளங்கள் 2009 ஆகஸ்ட் 1க்குள் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறலாம்னு அதில் ஒரு புதுப் பிரிவு. விக்கிமீடியா வாக்கெடுப்பு நடத்தியது. 17,000க்கும் மேல் வாக்குகள், முக்கால்வாசி ஆதரவு. ஜூனில் உரிமம் மாறியது, தமிழ் விக்கிக்கும் சேர்த்து.

நல்லதுதான் நடந்தது. ஆனா கவனிங்க, நீங்க கையெழுத்துப் போட்ட பிறகு இன்னொருத்தர் வாசகத்தை மாத்தினார், அது சட்டப்படி செல்லுபடி ஆச்சு. புதுப் பதிப்பு பழசின் உணர்வோடு ஒத்திருக்கும்கிற வாக்குறுதி மட்டுமே நமக்குப் பிடிமானம். லினக்ஸ் கெர்னல் அந்தச் சாவியைக் கொடுக்கலை. ஜிபிஎல் 2 மட்டும்னு நின்னுட்டதால, 2007ல மூன்றாம் பதிப்பு வந்தப்பவும் அது மாறலை.

உங்க ப்ராஜெக்டுக்கு உரிமம் போடுறப்ப ‘பிந்தைய பதிப்பு’ங்கிற அந்த ஒரு வரியை நிதானமா படிங்க. அது யாரை நம்புறீங்கன்னு கேட்கிற வரி.