தைமாபாத் அகழாய்வு

மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இன்று அகில்யாநகர்) மாவட்டத்தில், பிரவரா ஆற்றின் இடக்கரையில் உள்ள தொல்லியல் மேடு. 1958இல் பி.பி. போபார்திகர் கண்டறிந்தார். எம்.என். தேஷ்பாண்டே (1958-59), எஸ்.ஆர். ராவ், எஸ்.ஏ. சாலி (1974-79) ஆகியோர் இங்கே குழியிட்டு ஆய்ந்தனர். குழிச் சுவரைப் படிப்பது புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவது போன்றது: மேலே ஜோர்வே பண்பாட்டு அடுக்கு, அதன்கீழ் மாளவம், தைமாபாத், பிந்தைய அரப்பா, அடியில் சவால்டா.

ஊரின் புகழுக்குக் காரணம் குழிகள் அல்ல. 1974இல் உள்ளூர்க்காரர் ஒருவர் மரவேரைத் தோண்டியபோது நான்கு வெண்கல உருவங்கள் கிடைத்தன: தேர், யானை, காண்டாமிருகம், எருமை, மொத்தம் 60 கிலோவுக்கு மேல். இரட்டை எருது பூட்டிய தேரில் ஒருவன் நிற்கிறான். ஏர்க்காலின்மேல் ஒரு நாயும் நிற்கிறது. முறையான குழியில், மண்ணடுக்கோடு கிடைக்காததால் இவற்றின் காலம் பற்றி அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.