பதினொன்றாம் வகுப்பு எங்கே போனது?

உங்கள் வீட்டில் எழுபது வயதை நெருங்கும் யாராவது இருந்தால் என்ன படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி.யாக்கும்" என்று கொஞ்சம் கெத்தாகவே சொல்வார்கள். பழைய எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினொன்றாம் வகுப்பு. அன்றைக்கு அதுதான் பள்ளியின் கடைசி வருடம், பொதுத்தேர்வு வருடம். அதை முடித்துக் கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. படித்த பிறகுதான் மருத்துவமோ பொறியியலோ. 1978இல் பிளஸ் டூ வந்தபோது இந்த ஏற்பாடு மாறியது. பொதுத்தேர்வு பத்துக்கும் பன்னிரண்டுக்குமாகப் பிரிந்து போனது. நடுவில் நின்ற பதினொன்றுக்குத் தேர்வும் இல்லை, மரியாதையும் இல்லை.

"ஸ்கூல் பாடத்தையும் பாக்கணும், நீட்டுக்கும் படிக்கணும், ரெண்டையும் எப்படி பேலன்ஸ் பண்றது?" என்று இன்று பிளஸ் ஒன் சேரும் எல்லாருமே கேட்கிறார்கள். பதிலாகக் கிடைப்பது ஒரு டைம் டேபிள்: காலை நான்கு மணிக்கு எழு, போனைத் தூக்கிப் போடு. எனக்கு இது டைம் டேபிள் சமாச்சாரமாகத் தெரியவில்லை. இந்தப் பையனும் பொண்ணும் எந்த இரண்டு தேர்வுக்கு நடுவில் நிற்க வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள், அதையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். அந்த மாற்றங்களின் கதையைச் சொல்ல பதினொன்றாம் வகுப்பின் பின்னால் போனால் போதும்.

நுழைவுத் தேர்வுக்கு முன்பு எல்லாம் நேர்மையாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். அப்போது நேர்முகத் தேர்வு இருந்தது. 1970இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெரியகருப்பன் வழக்கைப் படித்தால் அந்தக் கூத்து தெரியும். மருத்துவ இடத்துக்கு நேர்முகத்தில் மட்டும் 75 மதிப்பெண். விளையாட்டு, என்.சி.சி., உடல்தகுதி, பொது ஆற்றல் என்று தனித்தனியாகப் போட வேண்டியதை மொத்தமாகப் போட்டிருந்தார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனசு வைத்தால் ஒருவர் டாக்டர் ஆகலாம் என்ற நிலையில், எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் என்பது நியாயமாகத்தான் பட்டிருக்கும். 1984இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தமிழ்நாடு தனக்கென்று ஒரு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது.

நான் அந்த நுழைவுத் தேர்வு காலத்து ஆள். கணக்கு இப்படி இருந்தது: பிளஸ் டூ மதிப்பெண் 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு, ஆக 300. அதாவது பள்ளிப் பாடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு. யாராவது உண்மையிலேயே ஒரு பேலன்ஸை யோசித்து வைத்தார்கள் என்றால் அது இதுதான், காகிதத்தில். நடப்பில் என்ன ஆனது? மார்ச்சில் பொதுத்தேர்வுக்காக ஐந்து மார்க், பத்து மார்க் விடைகளைப் படம் போட்டு, தலைப்பைக் கோடிட்டு எழுதினோம். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே கிராஷ் கோர்ஸ். அதே இயற்பியல், அதே வேதியியல், ஆனால் இப்போது நான்கு விடைகளில் ஒன்றைக் கண்டுபிடித்து வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் டவுனில் ரூம் எடுத்துத் தங்க முடிந்தவர்கள் தங்கினார்கள். முடியாதவர்கள் பழைய கைடை யாரிடமாவது வாங்கி வீட்டிலேயே புரட்டினார்கள். பிளஸ் டூவில் கிட்டத்தட்ட ஒரே மார்க் வாங்கியவர்களை இந்த ஒரு மாதம் பிரித்துவிட்டது.

அதனால்தான் எதிர்ப்பு வந்தது. 2005 ஜூனில் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வை ரத்து செய்தது. உயர் நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. 2006 தொடக்கத்தில் சட்டமே இயற்றினார்கள். பிப்ரவரியில் அதுவும் விழுந்தது. அந்த வருடம் பிளஸ் டூ படித்தவர்களை நினைத்துப் பாருங்கள்: நுழைவுத் தேர்வு இருக்கு, இல்ல, இருக்கு. கடைசியில் இருந்தது, எழுதினார்கள். அடுத்து வந்த தி.மு.க. அரசு அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, புதுச் சட்டம் கொண்டுவந்து, 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியது. நுழைவுத் தேர்வு ஒழிந்தது. இனிமேல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்.

அப்போது பதினொன்றாம் வகுப்பு மூச்சுவிட்டிருக்க வேண்டும். நேர்மாறாக அதற்கு மூச்சே நின்றுபோனது.

காரணம் கட் ஆஃப் கணக்கு. உயிரியல் 200ஐ 100ஆகச் சுருக்குவார்கள். இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. ஆக மொத்தம் 200. இயற்பியலில் ஒரு மார்க் போனால் கட் ஆஃபில் 0.25 போகும். அந்தக் காலுக்குள் எத்தனையோ பேர் நின்றார்கள். சமமாக நின்றவர்களைப் பிரிக்க உயிரியல் மார்க், வேதியியல் மார்க், பிறந்த தேதி, அதிலும் சமம் என்றால் கடைசியாக ரேண்டம் நம்பர். எல்லாமே ஒரே தேர்வில் தொங்கும்போது, அந்த ஒரு தேர்வுக்கு ஒரு வருடம் போதாது, இரண்டு வருடம் வேண்டும் என்று தனியார் பள்ளிகள் கண்டுபிடித்தன. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் இதில் பேர் பெற்றன. மற்ற ஊர்களும் சளைக்கவில்லை. பிளஸ் ஒன் புத்தகம் கைக்கு வரும், சில மாதத்தில் பிளஸ் டூ புத்தகம் மேலே வந்து உட்காரும். "பிளஸ் ஒன்னா? அத யாரு கேக்கப் போறா?" யாரும் கேட்கவில்லைதான். நியூட்டன் விதிகளையும் மோல் கருத்தையும் தாண்டிக் குதித்துவிட்டு, புக் பேக் கேள்விகளை வரி மாறாமல் ஒப்பித்து சென்டம் வாங்கினார்கள்.

அந்தப் பத்து வருடத்தைப் பொற்காலம் என்று சொல்கிறவர்களோடு என்னால் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது உண்மை. ஆனால் அரசுப் பள்ளியில் படித்து மருத்துவ இடம் வாங்கியவர்கள் அதன் கடைசி வருடங்களிலும் வருடத்துக்குச் சில பத்துப் பேர்தான்.

இதற்கிடையே டெல்லியில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. முதல் நீட் 2013 மே மாதம் நடந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பை நீதிமன்றமே திரும்பப் பெற்றது. மே மாதம் ஓர் அவசரச் சட்டம் மாநில இடங்களுக்கு ஒரு வருட விலக்கு கொடுத்தது. 2017இல் தமிழ்நாடு சட்டமன்றம் விலக்கு கேட்டு மசோதா நிறைவேற்றியது, ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 22ஆம் தேதி நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். 2017இல் பிளஸ் டூ முடித்தவர்கள் பிளஸ் ஒன் சேர்ந்தது 2015 ஜூனில். அன்றைக்கு நீட் என்பது நீதிமன்றம் தள்ளுபடி செய்த பழைய கதை. பிளஸ் டூ மார்க்தான் சட்டம். அதை நம்பித்தான் படித்தார்கள். கடைசியில் அவர்களுக்கு வைக்கப்பட்டது, பதினொன்றையும் பன்னிரண்டையும் சேர்த்துக் கேட்கும், வேறொரு பாடத்திட்டத்தின் தேர்வு. 180 கேள்வி, 180 நிமிடம், தப்பானால் ஒரு மார்க் போகும். மனித உடல் எப்படி இயங்குகிறது என்ற பெரிய பகுதி என்.சி.இ.ஆர்.டி.யில் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா அந்த அணியைச் சேர்ந்தவர். 1200க்கு 1176. இயற்பியலில் 200, வேதியியலில் 199, உயிரியலில் 194. கட் ஆஃப் 196.75. நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியவர். செப்டம்பர் 1ஆம் தேதி இறந்துபோனார். அவர் சரியாகத் திட்டமிடவில்லை, பேலன்ஸ் பண்ணவில்லை என்று அப்போது சிலர் பேசினார்கள். எதை எதோடு பேலன்ஸ் பண்ணியிருக்க வேண்டும்? 2015இல் இல்லாத ஒரு தேர்வையா?

பிறகு அரசு பதினொன்றாம் வகுப்பைத் தேடிக் கிளம்பியது. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. இரண்டு வருட மார்க்கும் சேரும் என்றார்கள். அந்த செப்டம்பரிலேயே, உயர்கல்விக்கு பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று மாற்றினார்கள். புதுப் புத்தகங்கள் வந்தன, நல்ல கனமாகவே. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதனால் உள்ளே போனவர்கள் நிஜமாகவே பல நூறு பேர்.

ஆனால் பள்ளிக்கூடம் விட்ட இடத்தை வேறொன்று பிடித்துவிட்டது. ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை தேர்வெழுதி வந்தவர்கள் 2016-17இல் ஏறக்குறைய எட்டில் ஒருவர். 2020-21இல் பத்தில் ஏழு பேர். பள்ளியில் தொலைத்த அந்த ஒரு வருடத்தைப் பிளஸ் டூவுக்குப் பிறகு காசு கட்டி வாங்குகிறார்கள். கோச்சிங் விடுதியில் கழியும் அந்த வருடத்தைப் பதிமூன்றாம் வகுப்பு என்றே சொல்லலாம், என்ன, அதற்கு லேப் கிடையாது. டைட்ரேஷனில் பிங்க் நிறம் எந்தச் சொட்டில் வருகிறது என்று நீட் கேட்காது, அதனால் யாரும் பியூரெட்டைத் தொடுவதில்லை. அதைக் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளை நர்சிங்குக்கோ பி.எஸ்சி.க்கோ போய்விடுகிறது.

2025 ஆகஸ்டில், மாநிலக் கல்விக் கொள்கையோடு சேர்த்து, பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் கைவிடப்பட்டது. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறையும் என்றார்கள், குறையவும் செய்யும். அந்த ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள் 2027 மார்ச்சில் பிளஸ் டூ எழுதுவார்கள், அதன் பிறகு நீட். இந்த இரண்டு வருடத்தில் விதி மாறாமல் இருந்தால்.