ஒரே தொலைபேசி எண்ணின் வரலாறு: சாத்தூர், சிவகாசி வணிகத்தை முன்வைத்து

ஒரே தொலைபேசி எண்ணுக்கு வரும் அழைப்பைக் கடை, வீடு, கிடங்கு, கைபேசி, கணினி என எங்கிருந்தும் எடுத்துப் பேசும் வசதி இணையவழித் தொலைபேசியால் கிடைத்ததாகும். இதில் எண் ஒரு கம்பிக்கோ ஒரு சிம் அட்டைக்கோ கட்டுப்பட்டிருப்பதில்லை. இணையத்தில் உள்ள ஒரு வழங்கியில் பதிவாகியிருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்கள் காரச்சேவு, தீப்பெட்டி, பட்டாசு, அச்சுப்பொருள் ஆகியவற்றை வெளியூர்களுக்கு விற்று வாழ்பவை. இத்தகைய ஊர்களில் தொலைபேசி எண் வெறும் வசதி அன்று, வணிகனின் முதலில் ஒரு பகுதி. அந்த எண் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது.

ஓர் எண், பல ஆள்கள்

இந்தியாவில் தொலைபேசி இணைப்பகங்கள் 1882-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொடங்கின. மாவட்டத்துச் சிறு நகரங்களில் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் தொலைபேசி அரிய பொருளாகவே இருந்தது. விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே தெருவில் ஒரு கடையிலோ ஒரு வீட்டிலோ இருந்த தொலைபேசியே அத்தெருவுக்கு எல்லாம் பொது எண்ணாக விளங்கியது. அதைப் 'பி.பி. எண்' என்று கடிதத்தாளிலும் திருமண அழைப்பிதழிலும் அச்சிட்டனர். அழைப்பு வந்தால் கடைப்பையன் ஓடிப்போய் உரியவரைக் கூட்டி வருவான். அழைப்பை உரிய ஆளிடம் சேர்க்கும் வேலையை இன்று மென்பொருள் செய்கிறது. அன்று அந்தப் பையன் செய்தான்.

வெளியூர் அழைப்புக்கு டிரங்கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் எனக் கட்டணத்துக்கேற்ப வரிசை முந்தும். இணைப்பைக் கொடுப்பவர் இணைப்பகத்தில் இருந்த இயக்குநர். நேரடியாகச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. முறை 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே முதன்முதலாக வந்தது.

இணைப்பைக் கொடுப்பவர் கையில் வணிகனின் பிழைப்பு இருப்பதை உலகம் முன்பே கண்டிருந்தது. தானியங்கி இணைப்பகத்துக்கு 1891-இல் காப்புரிமை பெற்ற ஆல்மன் ஸ்ட்ரோஜர் அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்தவர். தமக்கு வர வேண்டிய அழைப்புகளை இணைப்பக இயக்குநர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற ஐயமே அவரை அக்கருவியை உருவாக்கத் தூண்டியது என்று சொல்லப்படுகிறது.

எண்ணும் இடமும்

1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் குளிரூட்டும் வசதி தேவைப்படாத சிறிய மின்னணு இணைப்பகத்தை உருவாக்கியது. அதனால் சிற்றூர்களுக்கும் தொலைபேசி பரவியது. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. சாவடிகள் பேருந்து நிலையங்கள்தோறும் முளைத்தன.

அக்காலத்தில் எண்ணைக் கண்டாலே ஊரை அறியலாம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் மூன்றுக்கும் 04562 என்ற ஒரே எஸ்.டி.டி. குறியீடு அமைந்தது. அதைத் தொடர்ந்து வரும் இலக்கங்கள் குறிப்பிட்ட இணைப்பகத்தையும், அங்கிருந்து குறிப்பிட்ட கட்டடத்துக்குச் செல்லும் ஓர் இணைச் செப்புக் கம்பியையும் காட்டின. கடை வேறு இணைப்பகப் பகுதிக்கு மாறினால் எண்ணும் மாறும். பழைய எண்ணை அறிந்த வெளியூர் வாடிக்கையாளர் தவறிப்போவார். எண் ஆளுக்குச் சொந்தமாக இல்லை, இடத்துக்குச் சொந்தமாக இருந்தது.

ஓர் ஆள், பல எண்கள்

1995-இல் இந்தியாவில் செல்பேசிச் சேவை தொடங்கியது. 2003 மே மாதம் முதல் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீங்கியபின் செல்பேசி எல்லோர் கைக்கும் வந்தது. எண் இடத்தை விட்டு ஆளைப் பற்றிக்கொண்டது. ஆனால் ஒருவருக்கே கடை எண், வீட்டு எண், இரண்டு சிம் எண்கள் எனப் பல சேர்ந்தன. கடைப் பலகையில் நான்கைந்து எண்களை எழுதும் வழக்கம் அப்போது வந்ததே. வாடிக்கையாளர் எதை அழைப்பது என்று திகைத்தார். ஓர் எண்ணை அழைத்து யாரும் எடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போனார்.

2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் எண் பெயர்வு வசதி நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தை மாற்றினாலும் எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. 2015 ஜூலை முதல் வேறு மாநிலத்துக்குச் சென்றாலும் எண்ணைக் கொண்டுசெல்லலாம். இப்போது எண் கம்பியைக் குறிக்கவில்லை. அது தரவுத்தளத்தில் உள்ள ஒரு பதிவு. அழைப்பு வரும்போது அப்பதிவைப் பார்த்தே வழி காணப்படுகிறது.

இணையத்துக்குள் எண்

பேச்சைச் சிறு சிறு பொதிகளாக நறுக்கி இணையத்தில் அனுப்பும் மென்பொருளை 1995-இல் வோக்கல்டெக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1999-இல் 'சிப்' என்னும் நெறிமுறை வெளியானது. இம்முறையில் ஒவ்வொரு கருவியும் 'நான் இப்போது இந்த முகவரியில் இருக்கிறேன்' என்று வழங்கியிடம் அவ்வப்போது பதிவு செய்கிறது. ஓர் எண்ணின் கீழ் ஐந்து கருவிகள் பதிவாகியிருந்தால், வழங்கி ஐந்தையும் ஒருசேர ஒலிக்கச் செய்யலாம். ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒலிக்கச் செய்யலாம். முதலில் எடுத்தவருக்கு அழைப்பு சேரும், மற்றவை அடங்கிவிடும்.

இதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது அமெரிக்காவில் 2005-இல் தோன்றிய கிராண்ட் சென்ட்ரல். 2007-இல் அதை வாங்கிய கூகுள் நிறுவனம் 2009-இல் கூகுள் வாய்ஸ் எனப் பெயரிட்டது. ஆனால் தனிநபருக்கான அச்சேவை இந்தியர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவில் 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்பட்டாலும் அது கணினிக்குக் கணினியும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் மட்டுமே. உள்நாட்டுத் தொலைபேசிகளோடு இணைக்கத் தடை இருந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், 'தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்' என்று தொடங்கி அழைப்பைப் பலருக்குப் பிரித்தனுப்பும் சேவைகளை இந்திய நிறுவனங்கள் வணிகர்களுக்கு வழங்கத் தொடங்கின. 2018-இல் அரசு இணையத் தொலைபேசிக்கு வழிவிட்டது. அவ்வாண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' சேவையை அறிவித்தது. அப்போது ஆண்டுக் கட்டணம் 1,099 ரூபாயாக இருந்தது. சிம் இல்லாமலேயே பத்து இலக்க எண் ஒன்று கிடைத்தது. செயலியை நிறுவி, எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பிலிருந்தும் எந்தத் தொலைபேசிக்கும் பேச முடிந்தது.

பட்டாசுத் தொழிலும் அழைப்பும்

இவ்வட்டாரத்தில் இதன் பயன் தனித்தன்மை உடையது. பட்டாசு ஆலையில் வெடிபொருள் கையாளும் அறைகளுக்குள் செல்பேசியைக் கொண்டுசெல்லக் கூடாது. கண்காணிப்பாளரின் கைபேசி பல மணி நேரம் வாயிலிலேயே கிடக்கும். ஆலை ஊருக்கு வெளியே, அலுவலகம் சிவகாசியில், கடை நெடுஞ்சாலையில் எனத் தொழில் பரந்திருக்கும்போது, அழைப்பு ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஒற்றை எண் இருந்தால், ஆலைக்குள் இருப்பவருக்கு வரும் அழைப்பு அலுவலக மேசையில் ஒலிக்கும். பாதுகாப்பு விதியும் மீறப்படாது, ஆர்டரும் தவறாது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் மின்வணிகத் தளங்கள் வழியாகப் பட்டாசு விற்கத் தடை விதித்தது. அத்தடைக்குப் பின்னும் தீபாவளிக் காலத்தில், இல்லாத கடையின் பெயரில் போலி இணையதளமும் ஒரு கைபேசி எண்ணும் போட்டுப் பணம் பறிக்கும் மோசடி நடக்கிறது. நெடுநாள் மாறாத ஓர் எண்ணே உண்மையான வணிகனின் அடையாளமாகிறது. ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

பழைய கம்பியின் நன்மை

புதிய முறை எல்லாவற்றிலும் மேலானதன்று. செப்புக்கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகமே மின்சாரம் அனுப்பியது. 2012-இல் தமிழகத்தில் மணிக்கணக்கில் மின்வெட்டு நிலவியபோதும் அதில் பேச முடிந்தது. இணைய எண் அப்படியன்று. மோடத்துக்கு மின்சாரம் நின்றால் அதன் வழி வந்த எண்ணும் ஊமையாகும்.

அவசர அழைப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. கம்பித் தொலைபேசியில் அழைப்பவரின் முகவரி எண்ணோடு பிணைந்திருந்தது. செல்பேசி எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்பதும் தெரியும். இணைய எண் எங்கிருந்தும் பேசும் என்பதால் அந்தத் தடயம் உறுதியாகக் கிடைப்பதில்லை. வெடிவிபத்து நேரும் வட்டாரத்தில் இது சிறிய குறை அன்று. ஆகவே தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 ஆகியவற்றை அழைக்க ஆலையில் சாதாரணத் தொலைபேசி ஒன்று இருப்பது அவசியம்.

எண் யாருடையது

பி.பி. எண் காலத்தில் எண் அடுத்த கடைக்காரருடையது, அவர் மனம் வைத்தால் அழைப்பு வந்து சேரும். கம்பிக் காலத்தில் அது கட்டடத்துடையது. சிம் காலத்தில் அது ஆளுடையதுபோல் தோன்றினாலும், மூன்று மாதம் பயன்படுத்தாமல் விட்டால் துண்டிக்கப்பட்டுப் பின்னர் வேறொருவருக்குப் போகக்கூடும். இணைய எண்ணில் அழைப்பு எங்கே ஒலிக்க வேண்டும் என்பதைக் கணக்கின் கடவுச்சொல் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கு வேலையாளின் பெயரிலோ இடைத்தரகர் பெயரிலோ இருந்தால், அவர் விலகும் நாளில் பல்லாண்டு வாடிக்கையும் அவரோடு போய்விடலாம். ஸ்ட்ரோஜருக்கு எழுந்த ஐயம் இன்றும் தீரவில்லை. அன்று இயக்குநரின் கையில் இருந்த சாவி இன்று கடவுச்சொல்லாக மாறியிருக்கிறது. எண்ணை வாங்கும்போது அது யார் பெயரில் பதிவாகிறது, வேறு நிறுவனத்துக்குப் பெயர்க்க முடியுமா, சந்தா நின்றால் எண் என்ன ஆகும் என்பவற்றை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்வது வணிகரின் பொறுப்பாகும்.