தோஹாவில் பறிபோன வெள்ளிப் பதக்கம்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாரிஸ் நகரத்தில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது, தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தேநீர்க் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு நம்மவர்கள் நிகழ்த்திய வாதங்கள் அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். அல்ஜீரியா தேசத்துக் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃப் பெண்தானா என்பதே வழக்கு. அவரை எதிர்த்த இத்தாலியப் பெண் அஞ்செலா கரினி 46 விநாடிகளில் சண்டையை விட்டு விலகினார். அவ்வளவுதான்! உலகத்திலுள்ளோர் யாவரும் ஒரே இரவில் வைத்தியப் பட்டம் பெற்றுவிட்டனர். இந்த லெம்பா பெர்த்தாம் தேயிலைத் தோட்டங்களிலும் அத்தகைய வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை.

அவ்வழக்கிற்கு இன்னுமொரு தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. அத்துணை ஆவேசமாய்ப் பேசியோரில் எத்தனை பேர், நம் இனத்துப் பெண்ணொருத்தி அதற்குப் பதினெட்டு ஆண்டுகட்கு முன்னரே இத்தகைய சோதனையில் அகப்பட்டு அல்லலுற்ற வரலாற்றை அறிவர் என்பதே நம் கேள்வி.

சாந்தி சௌந்தரராஜன் 1981ஆம் ஆண்டு புதுக்கோட்டை வட்டாரத்துக் கத்தக்குறிச்சியில் பிறந்தவர். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சமூகத்தவர். தாய் தந்தையர் செங்கற்சூளைக் கூலிகள். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத குடிசையில் உடன்பிறந்தாரோடு வளர்ந்த அப்பெண்ணுக்கு ஓட்டம் கற்பித்தவர் அவருடைய பாட்டனார். அவரும் ஓட்டத்தில் வல்லவராம். குடிசைக்கு வெளியே கிடந்த மண் தரையே மைதானம். பாட்டனார் வாங்கித் தந்த ஒரு சோடிச் சப்பாத்தே மூலதனம். எட்டாம் வகுப்பில் முதற்பரிசாகக் கிடைத்தது ஒரு தகரக் கோப்பை. பின்னர் அயலிலிருந்த பள்ளியொன்று அவரை அழைத்துச் சம்பளமும் உடையும் மதிய உணவும் அளித்தது. மூன்று வேளையும் உண்ணக் கண்டது அப்போதுதான். கால் வேகமாய் ஓடியதனால் வயிறு நிறைந்தது என்க.

2005ஆம் ஆண்டு கொரியாவின் இஞ்சோனில் நடந்த ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி பெற்றார். 2006 டிசம்பரில் கட்டார் நாட்டுத் தோஹா நகரத்து ஆசிய விளையாட்டிலும் அதே ஓட்டத்தில் 2 நிமிடம் 3.16 விநாடியில் இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கும் அவருக்கும் இடைவெளி இமைப்பொழுதுதான். ஓட்டம் முடிந்தபின் வைத்தியர்கள் அவரைச் சோதித்தனர். சில நாட்களில், அவர் பெண்பாற் சோதனையில் தேறவில்லை என்னும் செய்தி பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் ஊரறிய வெளிவந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. சோதனை இன்னதென்று தமக்கு விளக்கப்படவில்லை என்பது அவர் பின்னாளில் கூறிய குறை. அந்தரங்கமாய்த் தாயிடம் சொல்லவும் நாணும் விஷயம் நாலு கோடிப் பேர் வாயில் விழுந்தது. அவர் சார்பில் மேல்முறையீடு செய்ய அன்று யாரும் முன்வரவில்லை.

இந்தச் சோதனையின் சரித்திரம் பெருமைப்படத் தக்கதன்று. 1966ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் பெண் வீரர்களை ஆடையின்றி வைத்தியர் முன் நிறுத்திப் பார்த்தார்கள். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் வாயினுட்புறத்தைச் சுரண்டியெடுத்து உயிரணுக்களை ஆராயும் முறை வந்தது. பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? இயற்கை அந்தப் பாடப்புத்தகத்தை முற்றும் படித்ததாகத் தெரியவில்லை. ஒய் என்னும் நிறப்புரி உடலில் இருந்தும், ஆண்மைச் சுரப்புக்கு உயிரணுக்கள் செவி கொடாமையால், பிறப்பிலேயே பெண்ணுடல் பெற்றுப் பெண்ணாகவே வளர்வோர் உளர். ஸ்பெயின் தேசத்து மரியா ஹொசே மார்த்தினெஸ் பத்தீனோ அவர்களில் ஒருவர். 1985ஆம் ஆண்டு ஜப்பானின் கோபேயில் சோதனையில் தோற்றார். காயம்பட்டவர்போல் நடித்து விலகிவிடு என்று அவருக்குப் புத்தி சொன்னார்கள். அவர் இணங்கவில்லை, வழக்காடினார், 1988இல் உரிமையைத் திரும்பப் பெற்றார். 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்ததில் 8 பேருக்கு முடிவு மாறாக வந்தது. எண்மரும் பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டனர். சிட்னி ஒலிம்பிக்கிற்கு முன்னரே, 1999இல், எல்லோரையும் சோதிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. ஆனால் சந்தேகத்துக்கு இடமானவரை மட்டும் சோதிக்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டார்கள். சந்தேகப்படுவது யார்? எதைக் கண்டு? மார்பு தட்டையென்றும் குரல் தடிப்பென்றும் கண்டுதானே! அந்த வாசல் வழியாகவே சாந்தி உள்ளே இழுக்கப்பட்டார்.

குத்துச்சண்டையில் வைத்தியச் சோதனை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஓட்டத்தில் தோற்றவர் பதக்கத்தை இழப்பார். குத்துச்சண்டையில் தோற்றவர் மூளையை இழக்கக்கூடும். எடைக்கு எடை பிரித்து, ஆணைப் பெண்ணினின்றும் பிரித்து வைத்திருப்பது அதன்பொருட்டே. எதிரே நிற்கும் பெண்ணுக்கும் நியாயம் உண்டு. பணத்துக்குச் சண்டையிடும் தொழில்முறையினரிடையே இது இன்னும் கண்டிப்பானது. அமெரிக்கரான டாமி மாரிசன் உலகப்பட்டம் பெற்றிருந்தவர். 1996 பிப்ரவரியில் நெவாடா மாகாணத்தில் சண்டைக்கு முந்திய இரத்தச் சோதனையில் எய்ட்ஸ் நோயின் கிருமி கண்டதாகக் கூறி அவருடைய அனுமதியை நிறுத்தினார்கள். அச்சோதனை பொய் என்று பின்னாளில் அவர் வாதாடினார். 2007இல் மேற்கு வர்ஜீனியாவில் மீண்டும் மேடையேறினார். வைத்திய உலகம் அவர் வாதத்தை ஏற்கவில்லை, 2013இல் காலமானார். ஆயினும் கவனியுங்கள்: முடிவு அவருக்குச் சொல்லப்பட்டது, மறுக்க வாயும், மறுபடி சோதித்துக்கொள்ளக் காசும், வேறு மாகாணத்துக்குச் செல்ல வழியும் அவரிடம் இருந்தன. கத்தக்குறிச்சிப் பெண்ணிடம் இவற்றில் எது இருந்தது?

கெலிஃப் விஷயத்திற்கு வருவோம். 2023 மார்ச்சில் டில்லியில் நடந்த உலகப் போட்டியில், இறுதிச் சண்டைக்குச் சில மணி நேரம் முன்பு, சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் அவரை விலக்கியது. தாய்வான் வீராங்கனை லின் யூ-டிங் பெற்ற வெண்கலமும் பறிக்கப்பட்டது. சோதனை இன்னது, முடிவு இன்னது என்று அச்சங்கம் உலகறியத் தெளிவாய்க் காட்டவில்லை. அதன் தலைவர் மட்டும் பத்திரிகையில் நிறப்புரிகளைப் பற்றிப் பேசினார். அவ்வாண்டு ஜூனில் ஒலிம்பிக் கமிட்டி அச்சங்கத்தின் அங்கீகாரத்தை நீக்கியது. பாரிஸில் கடவுச்சீட்டில் கண்டபடி இருவரையும் அனுமதித்தது. இருவரும் தங்கம் வென்றனர். 2025 மே மாதம் ‘வேர்ல்ட் பாக்சிங்’ என்னும் புதிய அமைப்பு, பதினெட்டு வயது கடந்தோர் யாவரும் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டுமென்றது. ஐயம் எழுந்தால் நிபுணர் ஆய்வும் மேல்முறையீடும் உண்டென்றது. அவ்வறிக்கையில் கெலிஃபின் பெயரைக் குறித்ததற்காக அதன் தலைவரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. விதி செய்வது எளிது. நாவை அடக்குவது அரிதாக இருக்கிறது.

தோட்டத்துக் கிராணிமாராகிய நமக்கு இதில் ஒன்று விளங்குகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசின் முள்ளைத் தொழிலாளி தம் கண்ணால் காண்கிறார். குறைவென்று தோன்றினால் அங்கேயே கேட்பார். மறுபடி நிறுத்துக் காட்டியாக வேண்டும். இரண்டு கிலோ தேயிலைக் கொழுந்துக்கு உள்ள இந்த உரிமை, ஒரு பெண்ணின் உடலுக்கு இல்லாமற் போயிற்று. நம் முன்னோர் நாகப்பட்டினத்து டிப்போவிலும், பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவிலும், வைத்தியர் முன் வரிசையாய் நின்றவர்கள். ஆகும், ஆகாது என்று அவர் எழுதிய எழுத்தை அவர்களில் படிக்கத் தெரிந்தோர் சிலரே.

ஒடிசாவின் தூத்தி சந்த் 2014இல் இவ்வாறே விலக்கப்பட்டபோது, காலம் சற்று மாறியிருந்தது. சர்க்கார் துணை நின்றது. சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடினார். 2015 ஜூலையில் அம்மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. சாந்திக்கு அத்தகைய மன்றம் வாய்க்கவில்லை. பதக்கம் போன பின்னரும் தமிழ்நாட்டு முதல்வர் கருணாநிதி அவருக்கு 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் அளித்தார். அதைப் பாராட்டவே வேண்டும். அப்பணத்தில் பெரும்பகுதியைக் கொண்டு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி நடத்தினார். 2012இல் பத்திரிகைக்காரர் அவரைக் கண்டது செங்கற்சூளையில், நாட்கூலி 200 ரூபாய்க்கு. அதன்பின் பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். 2016இல் தமிழ்நாடு சர்க்கார் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது. தோஹா ஏடுகளில் அவ்வோட்டத்தின் வெள்ளி, கஜகஸ்தான் வீராங்கனை பெயரில் நிற்கிறது.