பெரியப்பாவின் காலும் ஒரு ஒப்புதல் படிவமும்

கொஞ்சம் நீளமான பதிவு. மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அஞ்சாப்பில் என்னிடம் படித்தவன், இப்போது நம்மூர் மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். அறுவை சிகிச்சை படிக்கிறான். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான். "டீச்சர், ஒத்தப் பக்கம்தான். தமிழை மட்டும் சரி பண்ணித் தாங்க" என்றான்.

எம்.எஸ். மூன்று வருஷப் படிப்பு. அதில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். தலைப்பைப் பேராசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும், நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும், ஒவ்வொரு நோயாளியும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிப் பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே சமர்ப்பித்துவிட வேண்டும். இவனுடைய தலைப்பு சர்க்கரைக்காரர்களுக்கு வரும் கால்புண். உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள்தான் நிறைய வருகிறார்களாம். சர்க்கரையால் காலில் உணர்ச்சி போய்விடுகிறது. வெட்டுப்பட்டாலும் தெரியாது. வலிக்காததால் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்துவிட்டு, முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

"யாரு டீச்சர் இதைப் படிக்கப் போறா? லைப்ரரில தூசி அடையும்" என்று சலித்துக்கொண்டான். அப்போதுதான் எனக்கு எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்தது.

சொந்தங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் வெறுங்காலோடு உழுதவர். எப்போதோ கருவேல முள் குத்தியது. பாதம் மெள்ள மெள்ள வீங்கி, அங்கங்கே துவாரம் விழுந்து, கசிவோடு கறுப்பு மணிகள் வரும். வலி பெரிதாக இல்லை. ஊரில் ஆனைக்கால் என்றே நினைத்துவிட்டார்கள். வருஷங்கள் கழித்துக் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'மதுரா ஃபுட்' என்று எழுதியிருந்ததை அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்தது நினைவிருக்கிறது. மதுரைக்கும் பெரியப்பா காலுக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

சம்பந்தம் இதுதான். 1842-இல் மதுரை மருந்தகத்தில் வேலை பார்த்த ஜான் கில் என்ற டாக்டர், இப்படிப்பட்ட பாதங்களை அடிக்கடி பார்த்துத் தம் அறிக்கையில் எழுதிவைத்தார். அதே மருந்தகத்தில் கோல்புரூக் என்பவர் 1846-இல் அதற்கு 'மதுரைக் கால்' என்று பெயர் கொடுத்தார். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. ஒரு ஜில்லா ஊர் மருந்தகம், வாசலுக்கு வந்த கால்கள், ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

பிறகு ஹென்றி வான்டைக் கார்ட்டர் வருகிறார். மருத்துவ மாணவர்கள் எல்லாரும் புரட்டும் 'கிரேஸ் அனாட்டமி' புத்தகத்துக்கு (1858) படம் வரைந்தவர் இவர்தான். புகழ் கிரே பெயருக்குப் போனது, படம் வரைந்தவர் பம்பாய்க்கு வந்துவிட்டார். அங்கே வெட்டி எடுத்த பாதங்களை அறுத்துப் பார்த்து, அந்த மணிகளை நுண்ணோக்கியில் வைத்து, இது ஒரு பூஞ்சை என்று 1860-இல் சொன்னார். 1874-இல் வண்ணப் படங்களோடு தனிப் புத்தகமே போட்டார். அவரும் ஓரிடத்தில் தவறினார். அவர் வளர்த்துக் காட்டிய செந்நிறப் பூஞ்சைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் மணிகளை நிறம் பார்த்து அவர் பிரித்து எழுதியது வீண்போகவில்லை. கறுப்பு மணி பூஞ்சையால் வருவது. வெளிர்நிற மணிகளில் பல ஒருவகைப் பாக்டீரியாவால் வருபவை என்று 1894-இல் வின்சென்ட் வழிகாட்டினார். இன்று எந்த மருந்து கொடுப்பது என்பதை அந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. 1905-இல் புரூம்ப்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தப் பூஞ்சைப் பேரினத்துக்கு 'மதுரெல்லா' என்று பேர் வைத்தார். நம் மதுரைதான்! உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது 2016-இல்தான். கில் எழுதி 174 வருஷம் கழித்து.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படிவத்தைப் பாருங்க டீச்சர்" என்றான்.

பார்த்தேன். "அனுகூல பிரதிகூலங்கள்", "சுயவிருப்பத்தின் பேரில் விலகிக்கொள்ளும் உரிமை" என்று சார்பதிவாளர் ஆபீஸ் பத்திரம் மாதிரி இருந்தது. 1964-இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவர்கள் கூடி, மனிதர்களை வைத்து ஆய்வு செய்தால் அவர்கள் புரிந்து சம்மதிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். புரியவே இல்லையென்றால் அது என்ன சம்மதம்? சிவப்பு மையை எடுத்துவிட்டேன். (பழைய புத்தி போகுமா?) அந்த நீளமான வாக்கியத்தை அடித்துவிட்டு, "இடையில் வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் வைத்தியம் நிற்காது" என்று எழுதினேன். அதைப் பேராசிரியரிடம் காட்டி, நெறிமுறைக் குழுவிலும் ஒப்புதல் வாங்கிவிட்டான்.

நேற்று மறுபடி போன். முதல் கையெழுத்து வாங்கிவிட்டானாம். முத்தையாபுரம் பக்கத்து உப்பளக்கார அம்மா, கைநாட்டுதான். அவன் வாசித்துக் காட்டி முடித்ததும், மைப்பெட்டியில் விரலை வைக்குமுன் அந்த அம்மா கேட்டாராம்: "நடுவுல வேண்டாம்னு சொன்னாலும் மருந்து குடுப்பியளா தம்பி? ஒருக்கா சொல்லு."

சொன்னானாம். அதற்குப் பிறகுதான் விரலை வைத்தாராம்.